ஆணியில் தொங்கும் கிளவுஸ்... பாத்திரம் தேய்க்கும் கைக்கு எப்படி இருக்க வேண்டும்? | வீட்டுக்குள் ஒரு டிசைன் - 14

இரவு 9.30 மணி. சாப்பாடு முடிந்துவிட்டது. சிங்க்கில் குக்கர், அடிப்பிடித்த பால் பாத்திரம், எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு வாணலி, நாலு தட்டு, ஆறு டம்ளர். சிங்க்குக்கு மேலே ஆணியில் ஒரு ஜோடி ரோஸ் நிற ரப்பர் கிளவுஸ் தொங்குகிறது. போன மாதம் ஆசையாக வாங்கியது. மூன்று நாள் போட்டார்கள். நாலாவது நாளிலிருந்து அது ஆணியை விட்டு இறங்கவே இல்லை. வெறும் கைதான் தண்ணீருக்குள் இறங்குகிறது.

பல வீடுகளில் நடக்கும் கதைதான் இது. ஏன் போடவில்லை என்று கேட்டால் பதில்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். 'டம்ளர் வழுக்குது', 'உள்ளே தண்ணி போயிடுது', 'கை புழுங்குது', 'பிசுக்கு போச்சா இல்லையானே தெரியல.'

இதைக் கேட்டதும், 'சோம்பேறித்தனம்' என்று வீட்டில் யாராவது சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால், ஒரு பொருளை இத்தனை பேர் ஒரே காரணங்களுக்காகக் கழற்றி வைக்கிறார்கள் என்றால், குறை அந்தப் பொருளின் டிசைனில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அப்படியானால் பாத்திரம் தேய்ப்பதற்கென்றே ஒரு கிளவுஸை வடிவமைக்க உட்கார்ந்தால், அது எப்படி இருக்க வேண்டும்? கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், இந்தச் சின்ன விஷயத்துக்குள் பெரிய கணக்கெல்லாம் இருக்கிறது.

வெறும் கைக்கு என்ன ஆகிறது?

நம் தோலின் மேல் அடுக்கை ஒரு செங்கல் சுவர் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். இறந்த செல்கள்தான் செங்கல். அவற்றுக்கு இடையே இருக்கும் கொழுப்புப் பொருள்கள்தான் சிமென்ட். பாத்திரம் கழுவும் பவுடருக்கும் சோப்புக்கும் லிக்விடுக்கும் கொடுக்கப்பட்டிருக்கும் வேலையே கொழுப்பைக் கழற்றி எடுப்பது. வாணலியின் எண்ணெய் எது, கையின் எண்ணெய் எது என்று அவற்றுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே எடுத்துவிடும். கூடவே வெந்நீரும், கம்பி நாரின் உரசலும் சேர்ந்தால் சுவரில் விரிசல் விழுகிறது. அதைத்தான் நாம் 'கை வெடிப்பு' என்கிறோம்.

முதலில் வறட்சி. பிறகு அரிப்பு, எரிச்சல். மிளகாய்த்தூளைத் தொட்டால் சுள்ளென்று ஏறும் காந்தல். எந்நேரமும் ஈரத்தில் இருக்கும் கைகளில் நகத்தின் ஓரத் தோல் சிதைந்து, அந்த இடைவெளி வழியாகக் கிருமிகள் போய் வீங்கிக்கொள்ளும். நகச்சுத்து வந்தவர்களுக்குத்தான் அந்த வலி புரியும்.

ஜெர்மனியின் தொழிற்பாதுகாப்பு விதிகளில் 'ஈர வேலை' என்றே ஒரு வகை இருக்கிறது. தினமும் 2 மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தால், அது தோலுக்கு ஆபத்தான வேலை என்று கணக்கு. முடிதிருத்துபவர்கள், செவிலியர்கள், சமையல் தொழிலாளர்கள் போன்றவர்கள் இதில் வருகிறார்கள்.

நம் ஊரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஓர் அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு அரை மணி நேரம் என்று வைத்தாலே 2 மணி நேரம் ஆகிவிடுகிறது. அதற்குமேல் துணி, தரை, கடைசியாக அவர் வீட்டுப் பாத்திரம். கையில் புண் வந்து நாலு நாள் லீவு போட்டால் வருமானத்தில் துண்டு விழும் என்பதால், புண்ணோடே அவர் மறுநாளும் தண்ணீரில் கை வைக்கிறார்.

ஒரு நர்ஸின் கைக்காகப் பிறந்தது

இன்று ஆபரேஷன் தியேட்டரில் கிளவுஸ் இல்லாத டாக்டரை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஆனால், அந்த ரப்பர் கிளவுஸ் ஒரு பெண்ணின் வெடித்த கைகளுக்காகத்தான் அங்கே முதலில் நுழைந்தது.

1889-90 குளிர்காலம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இருக்கும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. அங்கே அறுவை சிகிச்சை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டட்டின் அறையில் பணிபுரிந்தவர் கரோலின் ஹாம்ப்டன் என்ற நர்ஸ். கிருமிகளைக் கொல்ல அப்போது மெர்குரிக் குளோரைடு என்ற பாதரச உப்புக் கரைசலில்தான் கைகளைக் கழுவுவார்கள். அது கரோலினின் கைகளிலும் முன்கைகளிலும் தோல் அழற்சியை உண்டாக்கியது. வேலையை விட்டே போக வேண்டும் என்ற நிலை.

ஹால்ஸ்டட், நியூயார்க்கின் குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் மெல்லிய ரப்பரில், முன்கையையும் மூடும்படி 2 ஜோடி கிளவுஸ் செய்து தரச் சொன்னார். சோதனை முயற்சிதான். அது நன்றாக வேலை செய்ததும் மேலும் பல ஜோடிகள் செய்யப்பட்டன. மற்ற உதவியாளர்களும் போட ஆரம்பித்தார்கள். அது நோயாளிகளைத் தொற்றிலிருந்து காக்கிறது என்ற உண்மை சில ஆண்டுகள் கழித்துத்தான் உறுதியானது. 1890-ல் ஹால்ஸ்டட்டும் கரோலினும் திருமணம் செய்துகொண்டார்கள் என்பது இந்தக் கதையின் இனிப்பான பகுதி.

டிசைன் பார்வையில் இதில் கவனிக்க வேண்டிய வார்த்தை, 'மெல்லிய'. தடித்த ரப்பர் கையுறைகள் அதற்கு முன்பே இருந்தன. ஊசியையும் நூலையும் கையாளும் ஒருவர் தன் விரலின் உணர்வை இழக்காமல் போட்டுக்கொள்ள முடிந்த கிளவுஸ்தான் நிலைத்தது. கையைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. கை செய்யும் வேலையையும் அது கெடுக்கக் கூடாது.

முள் வைத்த சிலிகான் கிளவுஸ்

ஆன்லைன் கடைகளில் சில ஆண்டுகளாகப் பிரபலமாக இருக்கிறது சிலிகான் ஸ்க்ரப்பிங் கிளவுஸ். உள்ளங்கையிலும் விரல்களிலும் குட்டிக் குட்டியாக முள்கள் நிற்கும். கிளவுஸும் ஸ்க்ரப்பரும் ஒன்றே. கேட்க அருமையான ஐடியா. பாதி அளவுக்கு உண்மையிலேயே அருமைதான்.

சிலிகான் தண்ணீரை உறிஞ்சாது. அதனால் சீக்கிரம் காய்ந்துவிடும். ஸ்பாஞ்ச் அப்படியில்லை. 2017-ல் ஜெர்மனியில் வீடுகளில் பயன்படுத்திய 14 ஸ்பாஞ்சுகளை ஆய்வு செய்தபோது, சில இடங்களில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 5,000 கோடிக்கும் மேல் பாக்டீரியாக்கள் இருந்தன. எல்லாமே நோய் தருபவை அல்ல. ஆனாலும், ஈரமும் சாப்பாட்டுத் துணுக்கும் தங்கும் இடம் கிருமிகளுக்கு எவ்வளவு வசதி என்பதற்கு இது போதும். சூட்டைத் தாங்குவதிலும் சிலிகான் கெட்டி. சுமார் 200 டிகிரி செல்சியஸ் வரை உருகாது. நான்ஸ்டிக் தவாவில் கீறல் போடாது.

குறை எங்கே? அடிப்பிடித்த பால் பாத்திரத்தில். பச்சை நார் ஸ்க்ரப்பர் கருகலைச் சுரண்டி எடுப்பதற்குக் காரணம், அதன் இழைகளில் ஒட்டியிருக்கும் கடினமான கனிமத் துகள்கள். உப்புத்தாள் மாதிரி அவை அறுக்கும். கம்பி நாரில் உலோகத்தின் விளிம்பே கத்தி. சிலிகான் முள்ளிலோ அறுக்கும் விளிம்பு எதுவும் இல்லை. அழுத்தினால் அது வளைந்து படுத்துவிடும். தட்டு, டம்ளர், காய்கறி கழுவ ஓகே. தீய்ந்த குக்கருக்கு முன்னால் அது தோற்றுப்போகும்.

ஆக, முதல் முடிவு: முழு கிளவுஸும் ஸ்க்ரப்பராக இருக்க வேண்டியதில்லை. உள்ளங்கையில் ஒரு சின்ன வெல்க்ரோ பட்டை இருந்தால், வேலைக்கு ஏற்றபடி ஸ்க்ரப்பரை ஒட்டிக் கழற்றலாம். தட்டுக்கு மென்மையான ஸ்பாஞ்ச். இட்லிப் பானைக்குப் பச்சை நார். பித்தளை விளக்குக்குத் தேங்காய் நார். தேயும் பகுதியை மட்டும் மாற்றினால் போதும்; கிளவுஸையே தூக்கிப் போட வேண்டாம்.

தடிமன் 2 மடங்கு... சிரமம் 8 மடங்கு!

சாதாரண வீட்டு ரப்பர் கிளவுஸின் தடிமன் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். நாலு ஜெராக்ஸ் பேப்பரை அடுக்கிய அளவு. முள் வைத்த சிலிகான் கிளவுஸ் இதைவிடப் பல மடங்கு தடிமன். இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒரே பொருளாலான தகடு ஒன்றின் தடிமனை 2 மடங்காக்கினால், அதை வளைக்கத் தேவைப்படும் விசை 2 மடங்காகாது, 8 மடங்காகும். 3 மடங்கு தடிமனென்றால் 27 மடங்கு.

பாத்திரம் தேய்க்கும்போது விரல்கள் எத்தனை முறை மடங்கி நிமிர்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அந்தக் கூடுதல் விசையைக் கொடுப்பது நம் கைத்தசைதான். அதுவும் மூட்டுவலி இருக்கும் அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் எப்படி இருக்கும்?

தயாரிக்கும் முறையிலும் வித்தியாசம் உண்டு. ரப்பர் கிளவுஸைச் செய்ய, பீங்கானால் ஆன கை அச்சை முதலில் கால்சியம் நைட்ரேட் கரைசலில் முக்குகிறார்கள். பிறகு ரப்பர் பாலில் முக்குகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் மரத்திலிருந்து வடிக்கிறார்களே, அதே வகைப் பால்தான். அச்சின் மேல் பால் உறைந்து தோல் மாதிரி படிகிறது. அதை வெந்நீரில் அலசி, சூட்டில் பதப்படுத்தி உரித்து எடுத்தால் கிளவுஸ். தையலே கிடையாது, கையின் இயல்பான வளைவோடே பிறக்கிறது. முள் வைத்த சிலிகான் கிளவுஸ் இரும்பு அச்சில் அழுத்தி வார்க்கப்படுவது. அச்சிலிருந்து சுலபமாக எடுக்க வேண்டும் என்பதால் பெரும்பாலும் தட்டையாக இருக்கும். நம் கை சும்மா இருக்கும்போதுகூட லேசாக மடங்கித்தான் இருக்கிறது. தட்டையான கிளவுஸ் அதை நிமிர்த்தப் பார்க்கும். அந்த மல்லுக்கட்டுதான் பத்தாவது நிமிடத்தில் கை வலியாகத் தெரிகிறது.

அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்ற தொழிலதிபர், மூட்டுவலி இருந்த தன் மனைவி பெட்ஸி காய் சீவ முடியாமல் சிரமப்படுவதைப் பார்த்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 1990-ல் வெளிவந்த 'ஓக்ஸோ குட் கிரிப்ஸ்' பீலர். பருத்த, மென்மையான ரப்பர் பிடி. மூட்டுவலிக்காரர்களை மனதில் வைத்துச் செய்த அந்தக் கருவி எல்லோருக்குமே வசதியாக இருந்ததால் பெரிய வெற்றி பெற்றது. கிளவுஸுக்கும் இதே பாடம் பொருந்தும். வலிக்கும் கையை வைத்து டிசைன் செய்தால், வலிக்காத கைக்கும் சுகமாக இருக்கும்.

இரண்டு கைக்கும் ஒரே வேலையா?

அடுத்த முறை பாத்திரம் தேய்க்கும்போது உங்கள் கைகளைக் கவனியுங்கள். ஒரு கை தேய்க்கிறது. இன்னொரு கை பிடித்துக்கொண்டிருக்கிறது. நடுநடுவே பாத்திரத்தைச் சுழற்றியும் கொடுக்கிறது. இரண்டு கைகளும் இரண்டு வேறு தொழில்கள் செய்கின்றன. ஆனால், கடையில் கிடைக்கும் ஜோடியில் இரண்டும் ஒரே மாதிரி. முள் வைத்த கிளவுஸில் பிடிக்கும் கையிலும் முள்தான். சோப்பு நுரையில் அந்த முள்கள் சரிந்து, டம்ளர் நழுவி விழுவதற்கு இது ஒரு காரணம்.

பிடிக்கும் கைக்குத் தேவை, டயரில் இருப்பது போன்ற வரிப்பள்ளங்கள். அழுத்தும்போது இடையில் இருக்கும் தண்ணீர் அந்தப் பள்ளங்கள் வழியாக வெளியேறினால்தான் ரப்பர் பாத்திரத்தைத் தொடும், பிடி கிடைக்கும். சில ரப்பர் கிளவுஸ்களின் உள்ளங்கையில் மீன் செதில் போன்ற டிசைன் இருப்பது அழகுக்காக அல்ல, இதற்காகத்தான்.

தேய்க்கும் கைக்கு ஸ்க்ரப்பர் பட்டையோடு வேறொன்றும் வேண்டும். டிபன் கேரியரின் மூலை, குக்கர் மூடியின் கேஸ்கட் பள்ளம், இட்லித் தட்டின் குழி, டம்ளரின் அடி... இங்கெல்லாம் உள்ளங்கை போகாது, விரல்தான் போகும். ஆகவே ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால் போதும். சொம்பு மாதிரி கழுத்து குறுகிய பாத்திரத்துக்குள் தடித்த கிளவுஸ் போட்ட கை நுழையவே நுழையாது. அதை நீள பிரஷ்ஷிடம் விட்டுவிடுவதுதான் நல்லது. இடது கைக்காரர்களும் இருப்பார்கள் என்பதால், கையை மாற்றிப்போட்ட ஜோடியும் கடையில் இருக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. எந்த கிளவுஸ் போட்டிருந்தாலும் மிக்ஸி ஜாரின் பிளேடுக்கு அருகே விரலை விடாதீர்கள். ரப்பரோ, சிலிகானோ, கத்தியிலிருந்து காப்பாற்றாது. சிலிகானில் சின்னதாக ஒரு வெட்டு விழுந்தாலே அது வேகமாகக் கிழிந்துகொண்டு போகும்.

பிசுக்கைக் கண் சொல்லாது, விரல்தான் சொல்லும்

கிளவுஸைக் கழற்றி வைப்பதற்கான முக்கியமான காரணத்துக்கு வருவோம். வாணலியைக் கழுவி முடித்ததும் பெருவிரலால் ஒரு முறை தேய்த்துப் பார்ப்போம். 'கிறீச்' என்று சத்தம் வந்தால் சுத்தம். வழுக்கினால் இன்னும் ஒரு முறை. இது எந்தப் புத்தகத்திலும் படித்து வந்ததல்ல. அம்மா செய்வதைப் பார்த்துக் கை கற்றுக்கொண்ட பாடம். எவர்சில்வரின் பளபளப்பில் மெல்லிய எண்ணெய்ப் படலம் கண்ணுக்குத் தெரிவதில்லை. விரலுக்கு மட்டும்தான் தெரியும்.

கிளவுஸ் போட்டதும் இந்த உணர்வு போய்விடுகிறது. சந்தேகம் வருகிறது. ஒரு கையைக் கழற்றித் தொட்டுப் பார்க்கிறார்கள். திரும்ப ஈரக் கையில் கிளவுஸ் ஏறாது. அத்தோடு சரி, மீதிப் பாத்திரமெல்லாம் வெறும் கையில்தான்.

இதற்கு டிசைனில் என்ன செய்யலாம்? விரல் நுனிகளில் மட்டும் மெல்லியதாகவும், கிழிசல் அதிகம் விழும் விரல் இடுக்குகளில் தடிமனாகவும் செய்யலாம். பிடிக்கும் கையின் பெருவிரல் நுனியை வரியோ செதிலோ இல்லாமல் வழவழப்பாக விட்டுவிடலாம். அதுதான் 'சோதனை விரல்'. எண்ணெய் இல்லாத எவர்சில்வரில் வழவழப்பான ரப்பரை உரசினாலும் 'கிறீச்' கேட்கும். இரண்டு நாள் பழகினால், கை அந்தப் புதிய மொழியையும் கற்றுக்கொள்ளும்.

மேலே வழியும் தண்ணீர், உள்ளே ஊறும் வியர்வை

கழுவிய பாத்திரத்தை மேலே இருக்கும் கூடையில் வைக்கக் கையைத் தூக்குகிறோம். விரலில் இருந்த தண்ணீர் முழங்கையை நோக்கி ஓடுகிறது. கையைக் கீழே இறக்கியதும் அதே தண்ணீர் கிளவுஸுக்குள் போகிறது. சோப்புத் தண்ணீர் உள்ளே போய்ச் சிறைபட்டால், அது வெறும் கையைவிட மோசம். தோலும் சோப்பும் மூடிய பைக்குள் ஒன்றாக ஊறிக்கொண்டிருக்கும்.

இதற்கான தீர்வு எளிது. கிளவுஸின் மேல் விளிம்பை 2 அங்குலத்துக்கு வெளிப்பக்கமாக மடித்துவிட்டால், வழியும் தண்ணீர் அந்த மடிப்பில் தேங்கி நின்றுவிடும். டிசைனிலேயே இந்த மடிப்பை வைத்துவிட்டால் இன்னும் நல்லது. மணிக்கட்டு விஷயத்தில் நம் ஊர் டிசைனர் மறக்கக் கூடாத ஒன்று, வளையல். மணிக்கட்டில் இறுக்கிப் பிடிக்கும் கிளவுஸ் வளையல் போட்ட கைக்கு ஏறாது. கண்ணாடி வளையல் உள்ளே உடைந்தால் காயமும் ஆகும். வளையலையும் சேர்த்து மூடும் அளவுக்கு அகலமும் நீளமும் வேண்டும். கல் வைத்த மோதிரத்தை மட்டும் கழற்றிவிடுவது கிளவுஸுக்கும் நல்லது, விரலுக்கும் நல்லது.

அடுத்து வியர்வை. நம் வெயிலுக்கு ரப்பருக்குள் கை பத்து நிமிடத்தில் நசநசத்துவிடும். முன்பு சொன்ன ஜெர்மனி விதிகளில், காற்றுப்புகாத கையுறையை நீண்ட நேரம் போட்டிருப்பதையும் தோலுக்கான சுமையாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் கிளவுஸுக்குள் மெல்லிய காட்டன் உறை ஒன்று தனியாக இருப்பது நல்லது. கழற்றித் துவைத்துக் காயவைக்க வேண்டும். ரப்பரோடு ஒட்டியே வரும் பஞ்சு உட்புறம், ஒரு முறை நனைந்தால் சீக்கிரம் காயாது, வாடையும் வரும்.

சிலருக்கு ரப்பரே ஒத்துக்கொள்ளாது. இயற்கை ரப்பரில் இருக்கும் புரதம் சிலருக்கு அலர்ஜி. இன்னும் சிலருக்கு ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் ரசாயனங்கள் அலர்ஜி. கிளவுஸ் போட்ட பிறகு அரிப்பு அதிகமானால், 'பழகிடும்' என்று விடாமல் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நைட்ரைல், பி.வி.சி போன்றவற்றில் செய்த கிளவுஸில் ரப்பர் பால் புரதம் இருக்காது. ஆனால், நைட்ரைலிலும் பதப்படுத்தும் ரசாயனம் இருக்கலாம் என்பதால், எதற்கு அலர்ஜி என்று தெரிந்துகொண்டு மாற்றுவதே சரி.

உங்கள் கை எத்தனை நம்பர்?

செருப்புக்கு நம்பர் தெரியும். ஜாக்கெட்டுக்கு அளவு தெரியும். கைக்கு? தையல் டேப்பை எடுத்து, பெருவிரலை விட்டுவிட்டு, உள்ளங்கையின் அகலமான பகுதியைச் சுற்றி அளந்து பாருங்கள். 7 அங்குலம் வந்தால் உங்கள் நம்பர் 7. 8 வந்தால் 8. ஐரோப்பியக் கையுறை அளவுமுறையின் அடிப்படை இதுதான். நம்பர் 7 என்றால் சுற்றளவு 178 மில்லிமீட்டர், கையின் நீளம் 171 மில்லிமீட்டர்.

அளவு பெரிதாக இருந்தால் விரல் நுனியில் காலியாக மடங்கி வழுக்கும். சிறிதாக இருந்தால் ரத்த ஓட்டத்தை இறுக்கும். உள்ளங்கை அகலமாகவும் விரல்கள் குட்டையாகவும் இருப்பவர்களுக்கு ஐரோப்பிய அளவு சரியாகப் பொருந்தாமல் போகலாம். இந்திய உடல் அளவுகளைத் தனியாக அளந்து, 1997-ல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் ஒரு புத்தகமே வெளியிட்டது. இங்கே விற்கும் பொருளுக்கு இங்கே இருக்கும் கையைத்தானே அளக்க வேண்டும்?

அளவைப் பற்றிப் பேசும்போது இன்னொரு கணக்கும் வந்து நிற்கிறது. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் அதற்குச் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். எத்தனை நல்ல கிளவுஸ் வந்தாலும், ஒரே ஒருவரின் கைகளே எல்லாப் பாத்திரத்தையும் தேய்த்தால் அந்தக் கைகளுக்கு ஓய்வு கிடைக்காது. கடையில் கிளவுஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். மேலே படத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரு பெண்ணின் கை.

வாங்கும்போது... வாங்கிய பிறகு...

நாம் பேசிய கிளவுஸ் அப்படியே கடையில் கிடைக்காது. அதுவரை, கிடைப்பதை வைத்தே ஓரளவு சமாளிக்கலாம்.

* முதலில் கையை அளந்து, நம்பர் பார்த்து வாங்குங்கள். காட்டன் உறையோடு போடுவதாக இருந்தால் அரை நம்பரோ ஒரு நம்பரோ பெரிதாக எடுக்கலாம்.
* தினசரிப் பாத்திரத்துக்கு மெல்லிய ரப்பர் அல்லது நைட்ரைல் கிளவுஸ், கையில் தனி ஸ்க்ரப்பர். முள் வைத்த சிலிகான் கிளவுஸ் தட்டு, டம்ளர், காய்கறி, நான்ஸ்டிக்குக்கு.
* அடிப்பிடித்த பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டால், பாதித் தேய்ப்பு மிச்சம்.
* மேல் விளிம்பை மடித்துவிடுங்கள். உலர்ந்த கையில் மட்டும் போடுங்கள்.
* உள்ளே தண்ணீர் போனால் உடனே கழற்றுங்கள். நடுநடுவே கைக்குக் காற்று வாங்க விடுங்கள்.
* முடிந்ததும் வெளிப்பக்கத்தை அலசி, உட்புறத்தைத் திருப்பிக் காயவையுங்கள். வெயிலில் வேண்டாம், ரப்பர் சீக்கிரம் வெடித்துவிடும்.
* கையைத் துடைத்ததும் தேங்காய் எண்ணெயோ, வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரோ தடவுங்கள். கழற்றிய பிறகுதான். எண்ணெய்க் கையோடு ரப்பர் கிளவுஸ் போட்டால் ரப்பர் கெட்டுப்போகும்.
* தண்ணீர் நிரப்பிப் பார்த்து ஓட்டை இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வீட்டில் பாத்திரம் தேய்க்க ஓர் அக்கா வருகிறார் என்றால், அவருக்கும் ஒரு ஜோடி வாங்கலாம். மிச்சம் மீதியைக் கொடுக்காமல், அவர் கையை அளந்து, அவர் நம்பரிலேயே வாங்குங்கள். நாலு வீட்டுக்கும் அவரால் கொண்டுபோக முடிகிறதா, எந்த இடத்தில் வழுக்குகிறது, எங்கே இறுக்குகிறது என்று அவரையே கேளுங்கள். இந்த வேலையில் அவரைவிடப் பெரிய நிபுணர் யார்? நல்ல கிளவுஸ் ஒன்றை டிசைன் செய்ய விரும்பும் மாணவர்களும் முதலில் போய் உட்கார வேண்டிய இடம் அவர் பக்கத்தில்தான்.

இன்று இரவு 9.30 மணிக்கு சிங்க்குக்கு மேலே இருக்கும் ஆணியைப் பாருங்கள். அதில் தொங்கும் கிளவுஸ் யாருடைய கைக்கு வாங்கியது, அவருக்கு அது சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். அப்படியே பக்கத்தில் இன்னோர் ஆணி அடித்து 9 நம்பரில் ஒரு ஜோடியை மாட்டிவைத்தால், வீட்டில் பெரிய கை இருப்பவரும் 'எனக்கு சைஸ் இல்ல' என்று தப்பிக்க முடியாது.